போர்வை எப்போ கலையாச்சு, யாரோட கதையாச்சு: குவில்ட் பத்தி ஒரு அடிப்படை விளக்கம்

பழைய துணிய வெட்டி ஒட்டுப்போட்டுத் தெச்ச ஒரு போர்வை பெரிய மியூசியத்துல சுவத்துல தொங்குதுன்னு செய்தி வரும்போது படிக்கிறவங்களுக்கு ரெண்டு சந்தேகம் வரும். ஒண்ணு, இதுல கலை எங்க இருக்கு, கைவேலைதானே. ரெண்டாவது, இது ஒரு சமூகத்தோட கதைய சொல்லுதுன்னு எழுதியிருக்காங்களே, துணியில கதை எப்படி இருக்கும். ரெண்டுமே நியாயமான சந்தேகம்தான். ஆனா இதுக்குப் பதில் தேடிப்போனா மூணாவதா ஒரு கேள்வியில போய் நிக்கும், இன்னைக்கு உண்மையான தகராறே அதுலதான் இருக்கு: இத தெச்சது யாரு, அவங்க பேரு ஏன் பக்கத்துல இல்ல, இதுல வர்ற காசு யாருக்குப் போகுது.

முதல்ல, குவில்ட்னா என்ன

குவில்ட்ங்கிறது மூணு அடுக்கு. மேல தெரியிற துணி, நடுவுல பஞ்சு இல்லைன்னா பழைய துணி, அடியில ஒரு துணி. இந்த மூணையும் ஊடுருவிப் போற தையல்தான் குவில்டிங். நடுவுல இருக்குற பஞ்சு தொவைக்கத் தொவைக்க ஒரு மூலையில போய்க் கட்டியாகும், அது நகராம பிடிச்சு வெக்கத்தான் அந்தத் தையல். அழகு அப்புறமா வந்தது, வந்தப்புறம் அதுவே ஓவியத்துல கோடு போடுற மாதிரி ஒரு தனி வேலையா வளந்துச்சு.

மேல்துணிய உருவாக்க முக்கியமா ரெண்டு வழி இருக்கு.

1. பேட்ச் ஒர்க்: சின்னச் சின்னத் துண்டா வெட்டி ஓரத்தோட ஓரம் சேத்துத் தெக்கிறது. சதுரம் சதுரமா தனித்தனியா முடிச்சு கடைசியில ஒண்ணா இணைக்கலாம், ஒவ்வொரு சதுரத்துக்கும் பிளாக்னு பேரு.

2. அப்ளிக்: ஒரு துணி மேல இன்னொரு துணிய உருவமா வெட்டி வெச்சுத் தெக்கிறது. மனுஷன், மிருகம், வீடுன்னு படம் காட்டணும்னா பெரும்பாலும் இதான்.

எல்லா ஊர்லயும் இதே வரிசையில பண்றாங்கன்னும் சொல்ல முடியாது. வங்காளத்து காந்தாவுல தனியா பஞ்சே கிடையாது, பழைய சேலையையும் வேட்டியையும் அடுக்கி வெச்சு ஓட்டுத்தையல் போட்டுக்கிட்டே போவாங்க, அந்தத் தையலுக்கு வேண்டிய கலர் நூலக்கூட பழைய சேலையோட கரையில இருந்துதான் உருவுவாங்க. கர்நாடகாவுல உத்தர கன்னட மாவட்டத்துல இருக்குற சித்தி மக்கள், இவங்க முன்னோர் ஆப்பிரிக்காவுல இருந்து வந்தவங்க, கவந்தின்னு ஒரு போர்வை தெக்கிறாங்க. அதுல பிளாக்கே கிடையாது. ஓரத்துல இருந்து ஆரம்பிச்சு சுத்திச் சுத்தி உள்ள வருவாங்க, துண்டு மேல துண்டா வெச்சுக்கிட்டே நடுவுல போய் முடியும், நாலு மூலையிலயும் மடிச்ச துணியில ஃபூலான்னு ஒரு சின்ன முக்கோணம் வெச்சாத்தான் வேலை முழுசாச்சுன்னு அர்த்தம்.

இந்த அமைப்புல இருந்து ரெண்டு விளைவு வருது, மீதிக் கட்டுரை முழுக்க இதுமேலதான் நிக்குது. துணி பெரும்பாலும் ஏற்கனவே யாரோ உடுத்தினது, அதனால அந்த ஆளோட அடையாளம் அதுல ஒட்டியிருக்கும். இன்னொண்ணு, பிளாக் பிளாக்கா பிரிச்சுக்கலாம்ங்கிறதால ஒருத்தர ஒருத்தர் பாக்காமலே நூறு பேர் சேந்து ஒரே பொருள உருவாக்க முடியும்.

போர்வை சுவத்துக்குப் போனது

1971ல நியூயார்க்ல விட்னி மியூசியத்துல அமெரிக்க குவில்ட் கண்காட்சி ஒண்ணு நடந்துச்சு. ஜோனதன் ஹோல்ஸ்டீனும் கெயில் வான் டெர் ஹூஃபும் சேகரிச்சு வெச்சிருந்த போர்வைகள கட்டில்ல விரிக்காம ஓவியம் மாதிரி சுவத்துல நேரா தொங்கவிட்டாங்க. கேக்க சின்ன மாத்தமாத்தான் தெரியும். ஆனா தூரத்துல நின்னு முழுசா பாக்குறப்போ கலர், கோடு, திரும்பத் திரும்ப வர்ற வடிவம்னு எல்லாமே அன்னைக்குப் பெரிய ஓவியர்கள் பண்ணிக்கிட்டிருந்த அருவ ஓவியத்துக்கு, அதாவது ஆளு, பொருள்னு உருவம் எதுவும் இல்லாம கலரும் வடிவமும் மட்டும் இருக்குற ஓவியத்துக்குப் பக்கத்துல வெக்கிற மாதிரி இருந்துச்சு, அதுவும் அந்த ஓவியர்களுக்குப் பல பத்து வருஷம் முன்னாடியே கிராமத்துப் பொம்பளைங்க தெச்சு வெச்சது.

இந்தக் கண்காட்சிதான் கதவத் திறந்துச்சு, அதுல சந்தேகம் இல்ல. ஆனா எந்த நிபந்தனையோட திறந்துச்சுன்னும் பாக்கணும். குவில்ட வெறும் டிசைனா பாருங்கன்னு சொன்னாங்க. யாரு தெச்சா, எதுக்குத் தெச்சா, எந்தத் துணின்னு கேக்கவேண்டிய அவசியமே இல்லாமப் போச்சு. ஓவியத்துக்குச் சமமா நிக்கணும்னா தன்னோட கதைய வாசல்லயே விட்டுட்டு உள்ள வரணும்னு ஆயிடுச்சு. என் பார்வையில இன்னைக்கு நடக்குற சண்டையில பாதி இங்கதான் ஆரம்பிக்குது.

அதுக்கப்புறம் வேகமா நடந்துச்சு. 1979ல ஒஹாயோ மாநிலத்து ஏதென்ஸ்ல, முன்னாடி மாட்டுத் தொழுவமா இருந்த ஒரு கட்டடத்துல, குவில்ட் நேஷனல்னு புதுப் படைப்புகளுக்கான கண்காட்சி ஆரம்பிச்சுச்சு. 1997ல நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்துல குவில்டுக்குன்னே ஒரு மையம் வந்து இன்னைக்கு அது சர்வதேச குவில்ட் மியூசியமா நிக்குது. படுக்கைக்குப் போகவே போகாத, சுவத்துக்குன்னே தெக்கிற குவில்ட் தனி வகையா ஆயிடுச்சு.

துணி எப்படிக் கதை சொல்லுது

மூணு வழி இருக்கு. ஒரே குவில்ட்ல மூணும் கலந்தும் வரலாம்.

*1. படமாவும் எழுத்தாவும்*

ஹேரியட் பவர்ஸ் 1837ல அமெரிக்காவோட ஜார்ஜியா மாநிலத்துல அடிமையாப் பொறந்தவங்க. அவங்க தெச்சதுல ரெண்டு குவில்ட் இன்னைக்கு நம்ம பாக்கக் கிடைக்குது, ஒண்ணு வாஷிங்டன் ஸ்மித்சோனியன் மியூசியத்துல, இன்னொண்ணு பாஸ்டன் நுண்கலை மியூசியத்துல. முதல் குவில்ட் பைபிள் கதைகள். ரெண்டாவதுல 15 கட்டம், பைபிள் கதையோட கூடவே உண்மையா நடந்த வானத்து நிகழ்வுகளும் இருக்கு: 1780ல பட்டப்பகல்ல இருட்டின நாள், 1833 நவம்பர்ல நட்சத்திரம் மழையாக் கொட்டின ராத்திரி. கவனிங்க, 1833ல அவங்க பொறக்கவே இல்ல. எழுதவும் படிக்கவும் சட்டமே தடுத்து வெச்சிருந்த ஒரு சமூகம் வாய்வழியா கடத்திக்கிட்டு வந்த ஞாபகத்த அறுபது வருஷம் கழிச்சு ஒரு பொம்பளை துணியில பதிவு பண்ணியிருக்காங்க. வரலாற்று ஆவணம்னு இத சொல்லாம வேற என்னன்னு சொல்றது?

முதல் குவில்ட் கைமாறின கதையையும் சொல்லியாகணும். 1886ல ஏதென்ஸ்ல, இது ஜார்ஜியாவுல இருக்குற ஏதென்ஸ், ஒரு பருத்திச் சந்தையில அத காட்சிக்கு வெச்சிருந்தாங்க, ஜென்னி ஸ்மித்ங்கிற ஓவிய டீச்சர் பாத்துட்டு விலைக்குக் கேட்டாங்க, பவர்ஸ் எந்த விலைக்கும் தரமாட்டேன்னுட்டாங்க. சில வருஷத்துல வீட்டுல கஷ்டம் வந்துடுச்சு, 10 டாலர் கேட்டாங்க, கடைசியில 5 டாலருக்குப் போச்சு. சுத்தமான மாவு மூட்டைத் துணியில சுத்தி மாட்டுவண்டியில கொண்டுவந்து, குடுக்குறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கட்டமும் என்னன்னு பவர்ஸ் சொல்லச் சொல்ல ஸ்மித் எழுதி வெச்சுக்கிட்டாங்க. அப்புறமும் தான் தெச்சத பாக்குறதுக்காகத் திரும்பத் திரும்ப அந்த வீட்டுக்கு வந்திருக்காங்க. அந்தக் குறிப்பு மட்டும் இல்லைன்னா இன்னைக்கு அது பேர் தெரியாத யாரோ தெச்ச ஒரு போர்வையாத்தான் இருந்திருக்கும்.

நூறு வருஷம் கழிச்சு ஃபெய்த் ரிங்கோல்ட் இதே வழிய வேற மாதிரி எடுத்துக்கிட்டாங்க. ஓவியரா இருந்தவங்க, சுயசரிதை எழுதினா அத வெளியிட ஆள் கிடைக்கல, அதனால 1983ல இருந்து கதைய நேரடியா குவில்ட் மேலயே எழுத ஆரம்பிச்சாங்க. நடுவுல ஓவியம், சுத்தி எழுத்து, ஓரம் முழுக்கத் துண்டுத்துணி. குவில்ட் எங்க தொங்குதோ அங்கெல்லாம் கதையும் பிரசுரமாகுது, பதிப்பாளர் கையெழுத்துக்காகக் காத்துக்கிட்டு இருக்க வேண்டியதில்ல.

பீகார்ல முசாஃபர்பூர் மாவட்டத்து புசுரா கிராமத்துல சுஜனிங்கிற போர்வை தெக்கிற பொம்பளைங்க 1980கள் கடைசியில இருந்து வரதட்சணை, பெண் குழந்தைக் கொலை, குடிகார புருஷன்னு தன் கண்ணு முன்னாடி நடக்குறத தையல்ல காட்ட ஆரம்பிச்சதும் இதே வகைதான்.

*2. துணியே சாட்சியா*

அமெரிக்காவுல அலபாமா மாநிலத்துல கீஸ் பெண்ட்னு ஒரு ஊர், ஆறு மூணு பக்கம் வளைஞ்சு சுத்துற இடம். அங்க மிசௌரி பெட்வேன்னு ஒருத்தங்க 1942ல புருஷன் இறந்தப்புறம் அவரு வயல்ல போட்டிருந்த வேலைத் துணியையெல்லாம் எடுத்து ஒரு குவில்ட் தெச்சாங்க, அவரு ஞாபகமா அத போத்திக்கிட்டுப் படுக்குறதுக்காக. அதுல படம் கிடையாது, எழுத்து கிடையாது. கட்டங்களும் நீளநீளமா பட்டைகளும்தான். ஆனா இந்த மாதிரி வேலைத்துணி குவில்ட்ட கிட்டப் போய்ப் பாத்தா வெயில் பட்டு வெளுத்த டெனிம் நடுவுல ஒரு கட்டம் மட்டும் கருநீலமா இருக்கும், அது பாக்கெட் இருந்த இடம், பாக்கெட்டப் பிரிச்சு எடுத்தப்போ அடியில வெயில் படாத துணி அப்படியே இருந்திருக்கு. முட்டி இருந்த இடம் தேஞ்சு நூல் தெரியும். ஒரு மனுஷன் எத்தனை வருஷம் குனிஞ்சு வேலை பாத்தான்னு துணி சொல்லுது. எந்தப் பெயிண்டாலயும் இத வரையத்தான் முடியும், இதாவே இருக்க முடியாது.

சிலி நாட்டுல 1973 ராணுவப் புரட்சிக்கப்புறம் காணாமப்போனவங்களோட அம்மாக்களும் மனைவிகளும் சாக்குத்துணி மேல துண்டுத்துணி தெச்சு அர்பியேரான்னு சின்னச் சின்னத் தொங்கல் பண்ணாங்க. கறாரா சொன்னா இது மூணு அடுக்கு குவில்ட் இல்ல, ஆனா உறவு ரொம்ப நெருக்கம். கத்தோலிக்கச் சபையோட ஒரு அமைப்பு இடம் குடுத்து, வெளிநாட்டுக்கு அனுப்பி வித்துக் குடுத்துச்சு. சிலதுல காணாமப்போனவரு உடுத்தியிருந்த சட்டையில இருந்தே ஒரு துண்டு இருக்கும். பத்திரிகைக்குத் தணிக்கை இருந்த காலம், தையல் வேலைன்னா யாரும் பெருசா எடுத்துக்கமாட்டாங்கன்னுதான் ஆரம்பத்துல இது தப்பிச்சுச்சு, விஷயம் புரிஞ்சப்புறம் ஆட்சிக்காரங்க இத துரோகம்னு சொல்லித் திட்டினாங்க.

*3. பல பேர் சேந்து*

1942 பிப்ரவரியில சிங்கப்பூர் ஜப்பான்கிட்ட விழுந்தப்புறம் ஐரோப்பியப் பொதுமக்கள சாங்கி சிறையில அடைச்சாங்க. ஆம்பளைங்க தனி, பொம்பளைங்களும் குழந்தைகளும் தனி, ஒருத்தருக்கொருத்தர் உயிரோட இருக்காங்களான்னே தெரியாது. எத்தல் மல்வேனிங்கிற கனடாக்காரங்க ஒரு யோசனை சொன்னாங்க: ஆளுக்கு ஒரு சதுரம் துணி, அதுல உங்களப் பத்தின ஏதாவது ஒண்ணு, கூட உங்க பேரு. 66 சதுரம் சேந்தா ஒரு குவில்ட். ஆஸ்பத்திரியில இருக்குற காயம்பட்டவங்களுக்குப் போர்வைன்னு சொல்லி அனுப்பலாம். ஜப்பான் வீரர்களுக்கும் ஒண்ணு பண்ணாங்க, அனுமதி கிடைக்க அது உதவுச்சு. போர்வை ஆம்பளைங்க பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனா ஒவ்வொரு பேரும் ஒரு தகவல்: நான் உயிரோட இருக்கேன். கடிதம் போட வழி இல்லாத இடத்துல போர்வை கடிதமா போச்சு.

எய்ட்ஸ் நினைவு குவில்ட்: அளவுலயே அர்த்தம்

பல பேர் சேந்து தெக்கிற வழி எவ்வளவு தூரம் போகும்னு பாக்க இதான் பெரிய உதாரணம். 1985 நவம்பர்ல சான் ஃபிரான்சிஸ்கோவுல ஒரு மெழுகுவத்தி ஊர்வலத்துல கிளீவ் ஜோன்ஸ் எய்ட்ஸ்ல இறந்தவங்க பேர அட்டையில எழுதச் சொல்லி மத்திய அரசோட ஃபெடரல் கட்டடச் சுவத்துல ஒட்ட வெச்சாரு, தூரத்துல இருந்து பாத்தா அது ஒட்டுப்போர்வை மாதிரியே தெரிஞ்சிருக்கு. அங்கேருந்து வந்த யோசனைதான், இறந்தவங்க ஞாபகமா அவங்க பேரோட துணிப் பேனல் தெச்சு ஒண்ணா சேக்குற இந்த குவில்ட்.

1. ஒரு பேனல் 3 அடிக்கு 6 அடி. ஒரு மனுஷனப் புதைக்கிற குழி கிட்டத்தட்ட அந்த அளவுதான், வேணும்னேதான் அப்படி வெச்சாங்க. நிறையப் பேருக்குக் குடும்பமே இறுதிச்சடங்கு நடத்த முன்வராத காலம் அது.

2. எட்டு பேனல் சேந்தா 12க்கு 12 அடியில ஒரு சதுரம். எந்த ஊர்ல யாரு தெச்சாலும் அளவு ஒண்ணுதான்ங்கிறதால எதோடயும் எது வேணா சேரும்.

3. எந்தப் பொருள வேணா வெக்கலாம். ஜீன்ஸ், பொம்மை, சாவி, சிலதுல அஸ்தியே கூட இருக்கு. தையல் தெரியாதவங்க பசை போட்டு ஒட்டியிருக்காங்க.

1987 அக்டோபர் 11ல வாஷிங்டன்ல நேஷனல் மால் புல்வெளியில முதல் தடவையா விரிச்சப்போ 1,920 பேனல் இருந்துச்சு, ஒவ்வொரு பேரையும் சத்தமா வாசிச்சாங்க. கடைசியா முழு குவில்டும் ஒரே இடத்துல விரிச்சது 1996ல. இப்ப கிட்டத்தட்ட 50,000 பேனல், 1,10,000க்கு மேல பேரு, 54 டன் எடை. எண்ணிக்கைய தாள்ல படிக்கிறதும் அதுக்கு நடுவுல நடந்து போறதும் ஒண்ணு கிடையாது, அந்த வித்தியாசத்துலதான் அரசியல் வேலை நடந்துச்சு: நாட்டுத் தலைவர்கள் கண்ணுல படுற தூரத்துலயே இத்தனை குழி அளவு துணி.

ஒரு எச்சரிக்கை: எல்லாக் கதையும் உண்மை இல்ல

அமெரிக்காவுல அடிமைகள் தப்பிச்சுப் போறதுக்கு குவில்ட் டிசைன்ல ரகசியக் குறி வெச்சு வெளியில தொங்கவிட்டாங்கன்னு ஒரு கதை ரொம்பப் பரவலா ஓடுது. 1999ல வந்த ஒரு புத்தகம் மூலமா பெருசா பரவின விஷயம் இது, பள்ளிப் பாடம் வரைக்கும் போயிடுச்சு. வரலாற்று ஆய்வாளர்கள் பலர் இத ஏத்துக்கல. தப்பிச்சு வந்தவங்க குடுத்த நூத்துக்கணக்கான வாக்குமூலத்துல இந்தக் குறி பத்தி பேச்சே இல்ல, சொல்லப்படுற சில டிசைன் அந்தக் காலத்துக்கு அப்புறம்தான் கிடைக்குது. மனசுக்குப் பிடிச்ச கதைங்கிறதால விட மனசு வராது, புரியுது. ஆனா ஹேரியட் பவர்ஸ் மாதிரி நிஜமான ஆதாரம் கையில இருக்கும்போது ஆதாரம் இல்லாத கதைதான் முன்னாடி நிக்குது. சமூகக் கதைசொல்லல்னு சொல்றவங்க இதுலதான் கூடுதல் கறாரா இருக்கணும்.

பேரும் காசும்

கீஸ் பெண்டுக்குத் திரும்ப வருவோம், ஏன்னா எல்லாச் சிக்கலும் அந்த ஒரே ஊர்ல இருக்கு. கறுப்பின மக்கள் ஓட்டுரிமைக்குப் பதிவு பண்ணப் போன காலத்துல, 1962ல, ஆத்தக் கடக்குற படகுப் போக்குவரத்த நிறுத்திட்டாங்க, திரும்ப வந்தது 2006ல. 1966ல அந்தப் பகுதிப் பொம்பளைங்க ஃப்ரீடம் குவில்டிங் பீன்னு கூட்டுறவு ஆரம்பிச்சாங்க. பெரிய கடைங்களுக்கு விக்கணும்னா எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும், அதனால கூட்டுறவு வேலையில கைபோன போக்குல தெக்கிறதுக்கு இடமில்ல. ஆனா 1972ல ஒரு பெரிய ஆர்டருக்கு வந்த கார்டுராய்ங்கிற வரிவரியான தடித் துணியில மிஞ்சின துண்டு வீட்டுக்குப் போச்சு, அந்தத் துண்டுல தனக்காகத் தெச்சதுதான் இன்னைக்கு மியூசியத்துல இருக்குற பல கார்டுராய் குவில்ட்.

2002ல ஹூஸ்டன்லயும் பிறகு விட்னியிலயும் கண்காட்சி நடந்து உலகம் பூரா பேரு வந்துச்சு. 1971க்கு இப்ப ஒரு பெரிய வித்தியாசம், தெச்சவங்க பேரு இருந்துச்சு. 2006ல தபால்தலை கூட வந்துச்சு. ஆனா 2007ல சில குவில்ட் கலைஞர்கள், தங்களுக்குச் சேரவேண்டியது சரியா சேரலன்னு, குவில்டுகள வாங்கிச் சேத்தவங்க மேல வழக்கு போட்டாங்க, 2008ல அது முடிஞ்சுது. 2024ல ஒரு பெரிய அமெரிக்கக் கடைச் சங்கிலி கீஸ் பெண்ட் டிசைன்ல துணிமணி வித்தப்போ, கலைஞர்களுக்கு விற்பனையில பங்கு இல்லாம ஒரே தொகையாத்தான் குடுத்தாங்கன்னு செய்தி வந்துச்சு.

இதப் புரிஞ்சுக்க ஒரு சட்ட விஷயம் தெரியணும். அமெரிக்கச் சட்டப்படி ஒரு கலைப்பொருள வித்தா பொருள்தான் கைமாறும், அதுல இருக்குற டிசைனோட காப்பிரைட் தானா கைமாறாது, தனியா எழுதிக் குடுக்கணும். பாட்டி காலத்துல இருந்து எல்லாரும் தெக்கிற பொது டிசைன் யாருக்கும் தனிச் சொத்து இல்ல, ஆனா ஒருத்தங்க புதுசா அமைச்ச அமைப்பு அவங்களோடது. போர்வைய வெறும் போர்வையா நெனச்சு வித்தவங்ககிட்ட இந்த வித்தியாசத்த யாரும் விளக்கல. இப்ப கீஸ் பெண்ட் கலைஞர்கள் பலருக்குப் படத்தோட உரிமைத்தொகைய வசூல் பண்ணிக் குடுக்க கலைஞர் உரிமை அமைப்பு இருக்கு, லேட்டா வந்தாலும் நல்ல மாத்தம்.

பேரப் போட்டுட்டா எல்லாம் சரியாயிடும்னும் இல்ல. கலிஃபோர்னியாவுல ரோசி லீ டாம்ப்கின்ஸ்ங்கிற பேர்ல குவில்ட் தெச்சவங்களுக்கு அது சொந்தப் பேரே இல்ல, வெளிய தெரிய விரும்பாம அவங்களே ஒத்துக்கிட்ட மறைப்பேர். 2006ல இறக்குற வரைக்கும் அப்படியேதான் இருந்தாங்க. விட்னியில 1971ல விடுபட்ட பேரும் இங்க மறைச்ச பேரும் ஒண்ணு கிடையாது, முதல்ல கேள்வியே கேக்கல, ரெண்டாவதுல தெச்சவங்க விருப்பம் நடந்திருக்கு.

புதுசா கூட்டு குவில்ட் ஆரம்பிக்கிறவங்க முன்கூட்டியே முடிவு பண்ணவேண்டியது

1. அளவு: எல்லாருக்கும் ஒரே அளவு, தையலுக்கு ஓரத்துல எவ்வளவு விடணும்ங்கிறது உட்பட. இது தவறினா இணைக்கும்போது வேற ஒருத்தர் பேர்லயோ உருவத்துலயோ கத்திரி வெக்கவேண்டி வரும்.

2. பேரு: போடணுமா, எந்தப் பேரு, எழுதவா தெக்கவா. ஆளாளுக்குக் கேட்டு எழுதி வெக்கணும். கூடவே அந்தச் சதுரத்துல என்ன இருக்குன்னு அவங்க வாயால சொன்னத ரெக்கார்ட் பண்ணி வெக்கணும்.

3. உரிமை: போட்டோ எடுத்து அட்டைப்படமாவோ விளம்பரமாவோ போடலாமா, காசு வந்தா யாருக்கு.

4. வெளிச்சம்: துணி வெளுக்கும், வெளுத்தது திரும்பாது. மியூசியத்துல 50 லக்ஸ் (வெளிச்சத்த அளக்குற அலகு) அளவு மங்கல் வெளிச்சத்துல கொஞ்ச மாசம் வெச்சுட்டு இருட்டுல எடுத்து வெச்சிடுவாங்க. ஜன்னலுக்கு எதிர் சுவத்துல நிரந்தரமா மாட்டினா சில வருஷத்துலயே கலர் போயிடும்.

5. கடைசியில எங்க இருக்கும்: இதத்தான் பெரும்பாலும் மறந்துடறாங்க. சாங்கி குவில்ட் மூணுல ரெண்டு ஆஸ்திரேலியப் போர் நினைவகத்துல இருக்கு, ஒண்ணு பிரிட்டிஷ் ரெட் கிராஸ்கிட்ட இருக்கு, அதனாலதான் எந்தச் சதுரம் யாரோடதுன்னு இன்னைக்கும் குடும்பங்க தேடி வந்து பாக்க முடியுது. அமைப்பு கலைஞ்சு போனா யாரு பொறுப்பு, தெச்சவங்க குடும்பம் கேட்டா காட்டுவாங்களான்னு முதல் கூட்டத்துலயே எழுதி வெச்சுக்கணும்.